எஷரின் காஸ்ட்ரோவால்வா: வெறும் ஊர்ப்படம்தானா?

நெதர்லாந்து ஓவியர் எஷர் இத்தாலிய மலையூர் ஒன்றை வரைந்து அச்சிட்ட படம் காஸ்ட்ரோவால்வா. அதைப் பற்றிய பேச்சில் மன்னார்குடி வாசகர் கேட்டது: "எஷர் என்றால் ஏறிக்கொண்டே இருந்தும் எங்கும் போய்ச்சேராத படிக்கட்டு, ஒன்றையொன்று வரைந்துகொள்ளும் இரண்டு கைகள். அதற்கு முன்னால் இத்தாலியில் சுற்றித் திரிந்தபோது போட்ட மலைப்படங்களை ஏன் இங்கே தூக்கிப் பிடிக்கிறீர்கள்? காஸ்ட்ரோவால்வா ஒரு நல்ல போஸ்ட்கார்டு. அதுவும் கலர் இல்லாத போஸ்ட்கார்டு. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுங்கள்."

ஜனவரி 18, இரவு

மறுக்கிறேன். காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

இடது ஓரம் ஒரு குறுகலான மலைப்பாதை. அதன் விளிம்பில் புல், பெரணி, பூத்து நிற்கும் செடிகள். உற்றுப் பார்த்தால் ஒரு வண்டு, ஒரு நத்தை. பாதையோடு கண் மேலே போனால் செங்குத்தான சரிவின் தலையில் காஸ்ட்ரோவால்வா ஊர். அங்கிருந்து பார்வையை நகர்த்தினால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நேரே பள்ளத்தாக்கில் போய் விழுகிறது. அடியில் பயிர்நிலங்கள், அன்வெர்ஸா என்ற இன்னொரு ஊர், அதற்கும் அப்பால் கஸாலே. நிமிர்ந்து பார், நேராகப் பார், குனிந்து பார் என்று மூன்றையும் ஒரே தாளில் செய்ய வைக்கிறார்.

இனி 1947-க்கு வாருங்கள். ‘மேலும் கீழும்’ என்ற படத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஒரு முற்றமும், மேலே நின்று எட்டிப் பார்த்த அதே முற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அதே வருஷத்து ‘வேறு உலகம்’ படத்தில் ஒரே அறையின் திறப்புகள் வழியாக ஒரு நிலப்பரப்பை நேராகவும் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கிறோம். நீங்கள் "இதுதான் எஷர்" என்று சொல்லும் படங்கள் இவைதானே? இந்த மூன்று பார்வையும் 1930 பிப்ரவரியில் அச்சான காஸ்ட்ரோவால்வாவில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம்தான். பின்னால் அவர் மூன்றையும் முறுக்கிக் கட்டினார். இங்கே மலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டிருக்கிறார்.

ஜனவரி 19, காலை

திருவாரூர் தம்பி இதை மரச்செதுக்கு அச்சு என்று எழுதியிருக்கிறார். இல்லை தம்பி, இது கல்லச்சு. பெயரில் என்ன என்று விட்டுவிட முடியாது, படத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், அரிசி ஆலைக்கு பில் புக், இதுதான் வேலை. எங்கள் மெஷினுக்குத் தாத்தா கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளும், அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டும் ஓடுகின்றன. 1790-களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். ஒரு சுண்ணாம்புக் கல் பலகை. அதன் முகத்தை மணல் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள், புதிதாகக் கொத்திய அம்மியின் மிக மிக நுண்ணிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொழுப்புச் சேர்ந்த கிரேயானால் வரைய வேண்டும். பிறகு கோந்தும் கொஞ்சம் நைட்ரிக் அமிலமும் கலந்து தடவினால் வரைந்த இடம் மையை ஏற்கும், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மை ரோலரை ஓட்டினால் கோடு இருக்கிற இடத்தில் மட்டும் மை ஏறும். மேலே தாளை வைத்து அழுத்து. முடிந்தது.

மரத்தில் இது வேறு கதை. செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நடுவில் சாம்பல் வேண்டும் என்றால் நெருக்கமாகக் கோடு கோடாக வெட்டிக் கண்ணை ஏமாற்ற வேண்டும். கல்லில் அந்தத் தொல்லை இல்லை. கிரேயானை லேசாக ஓட்டினால் சொரசொரப்பின் முகட்டில் மட்டும் பட்டு இளஞ்சாம்பல். அழுத்தினால் பள்ளம்வரை இறங்கி அடர்கறுப்பு. காஸ்ட்ரோவால்வாவில் பள்ளத்தாக்கு தூரம் போகப்போக வெளிறுவதைப் பாருங்கள். அது கை அழுத்தம் ஒன்றினால் வந்த தூரம்.

இன்னொன்று. 1929-க்கு முன்னால் எஷர் கல்லைத் தொட்டதில்லை. அந்த வருஷம் ஜூலையில் செய்த ‘கொரியானோ சிக்கோலி’ தான் அவருடைய முதல் கல்லச்சு. அதுவும் காஸ்ட்ரோவால்வா போல நடு இத்தாலியின் அப்ரூட்ஸோ மலைநாட்டு ஊர்தான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காஸ்ட்ரோவால்வா வந்துவிட்டது. தொழில் கற்றுக்கொள்கிறவனுக்கு இதன் பெருமை புரியும்.

ஜனவரி 19, மதியம்

எழுத விட்டுப்போனது. கல்லில் நேரடியாக வரைந்தால் அச்சில் இடம் வலம் மாறிவிடும். அதாவது தாளில் பாதை இடப்பக்கம் வர வேண்டும் என்றால் கல்லில் அதை வலப்பக்கம் வரைய வேண்டும். மலை, ஊர், பள்ளத்தாக்கு எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் கல்லில் இருக்கும். எங்கள் ஆப்செட்டில் பிளேட்டிலிருந்து மை முதலில் ரப்பர் பிளாங்கெட்டுக்குப் போய் அங்கிருந்து தாளுக்கு வருவதால் இரண்டு தடவை திரும்பி நேராகிவிடும், பிளேட்டை நாங்கள் நேராகவே படிக்கலாம். கல்லச்சுக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. நேரில் பார்த்த ஊரைத் திருப்பிப் போட்டு, அதிலும் சரிவு வழுக்காமல், தூரம் கெடாமல் வரைந்திருக்கிறார். படத்தின் உயரம் ஏறக்குறைய 53 செ.மீ., அகலம் 42. சின்னப் படம் இல்லை.

ஜனவரி 19, இரவு

தம்பி, மரச்செதுக்கில் மலையுச்சி ஊர் பார்க்க ஆசைப்பட்டால் அவருடைய ‘போனிஃபாசியோ’ (1928), ‘மொரானோ’ (1930) இரண்டையும் தேடிப் பாருங்கள். முதலாவது கோர்ஸிகா தீவில் கடலுக்கு மேலே வெள்ளைப் பாறை விளிம்பில் வீடுகள் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். இரண்டாவது தெற்கு இத்தாலியில் குன்று முழுக்க வீடாக அடுக்கிய ஊர். மரத்தில் வெட்டு சுத்தமாக விழுகிறது. பார்த்ததும் வியப்போம். ஆனால் கால் கூசாது. காஸ்ட்ரோவால்வாவில் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

ஜனவரி 21

நாகப்பட்டினம் அக்கா கேட்டிருப்பது நியாயமான கேள்வி: "கலர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்காதா? வசதி இல்லாததால் கறுப்பு மையோடு நிறுத்திக்கொண்டாரா?"

அக்கா, வசதி இருந்தது. 1894-லேயே ரவி வர்மா பம்பாயில் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் கலர் கல்லச்சில் ஓட்டினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், நம் வீட்டுப் பூஜையறைப் படங்களின் பரம்பரையே அதுதான். 1930-ல் ரோமில் இருந்தவருக்கு அது எட்டாத வித்தையா? வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

ஏன் வேண்டாம் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம். திருச்சி மலைக்கோட்டையைக் காவிரியிலிருந்து பார்த்து டேனியல் இருவர் (ஆங்கில ஓவியர்கள், ஒருவர் மற்றவருடைய சகோதரர் மகன், 1790-களில் இங்கே வந்தவர்கள்) செய்த வண்ண அச்சு ஒன்று உண்டு. அழகான படம். ஆனால் பார்த்தவுடன் மனசு வானத்துக்கும் தண்ணீருக்கும் நிறத்துக்கும் போய்விடுகிறது, பாறை எவ்வளவு உயரம் என்று யோசிக்கவே தோன்றுவதில்லை. லின்னேயஸ் டிரைப் 1858-ல் திருச்சியையும் தஞ்சாவூரையும் கேமராவில் எடுத்தார், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். நிறம் அவர் கையில் இல்லை. பெரிய கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படமாக எடுத்துச் சேர்த்து சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போது கல்லின் கனம் தெரிகிறது, உளி இறங்கிய ஆழம் தெரிகிறது. வேறு எதற்கும் கண் போக வழியில்லை.

காஸ்ட்ரோவால்வாவில் பச்சை அடித்திருந்தால் கீழே இருக்கும் வயல் நம்மைப் பக்கத்தில் கூப்பிட்டிருக்கும். அது பக்கத்தில் வரக்கூடாது. அது எட்டாத ஆழத்தில் கிடக்க வேண்டும். ஒரே மையின் அடர்வையும் வெளிறலையும் மட்டும் வைத்து அந்த ஆழத்தைக் காப்பாற்றுகிறார்.

ஜனவரி 24, இரவு

இன்று கடை சீக்கிரம் மூடிவிட்டேன், விரிவாக எழுதுகிறேன். நான் முதலில் சொல்ல நினைத்ததே இதுதான்.

எஷர் மலைநாட்டுக்காரர் இல்லை. 1898-ல் நெதர்லாந்தின் வடக்கே லேயுவார்டன் ஊரில் பிறந்தவர். தட்டை நிலம், கால்வாய், கரை. அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே. அவருடைய அப்பா நீர்ப்பணிப் பொறியாளர். 1870-களில் ஜப்பானுக்குப் போய் யோடோ ஆற்று வேலையெல்லாம் பார்த்தவர். மதகு, கரை, மட்டம் இதெல்லாம் பேசுகிற வீடு. நமக்கு ரொம்பப் பழக்கமான வீடு.

நாம் எப்படி? தஞ்சாவூரில் பஸ் ஏறி நாகப்பட்டினம் போய் இறங்குகிற வரைக்கும் ஏற்றம் இறக்கம் என்று வருவது ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான். மலை இல்லை என்று நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, கட்டினார்கள். சுவாமிமலை கட்டுமலை, 60 தமிழ் வருஷத்துக்கு 60 படி. சீர்காழியில் தோணியப்பர் கட்டுமலைமேல் இருக்கிறார். கோச்செங்கணான் எடுத்த மாடக்கோவில்கள் எழுபது என்று திருமங்கையாழ்வார் பாடுகிறார். பெரிய கோவில் விமானம் 216 அடி. உயரத்துக்கு ஏங்குகிற சமவெளி இது. அந்த ஏக்கத்தோடு பார்த்தால்தான் காஸ்ட்ரோவால்வா முழுசாகத் திறக்கிறது என்பது என் எண்ணம். மலையில் பிறந்தவன் அந்த ஊரை வரைந்திருந்தால் வீடுகளை வரைந்திருப்பான், திருவிழாவை வரைந்திருப்பான். எஷர் வரைந்தது உயரத்தை.

சுவாமிமலை மேல்பிராகாரத்தில் உட்கார்ந்து நானும் வரைந்து பார்த்திருக்கிறேன். தென்னந்தலைகள் கண்மட்டத்துக்கு வருகின்றன, கொடிக்கால் கீற்றுப் பந்தலாகக் கீழே தெரிகிறது, காவிரிக் கரை மரவரிசையாக ஓடுகிறது. அழகுதான். ஆனால் உடம்பு பயப்படவில்லை. பயப்படாத உடம்பிலிருந்து அந்த மாதிரிக் கோடு வராது.

பிறகு கொல்லிமலைக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை. பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒரு வளைவில் உட்கார்ந்தேன், நோட்டும் பென்சிலும் கையில். (எஷர் காஸ்ட்ரோவால்வாவுக்கு உட்கார்ந்ததும் பாதை கொண்டை ஊசியாகத் திரும்பும் இடம்தான்.) கீழே சமவெளி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கண்ணை அங்கே வைத்தால் தலை சுற்றுகிறது, மேலே பார்த்தால் இன்னும் மோசம். கண் தானாகவே கால் பக்கத்துக்கு வந்துவிட்டது. தடுப்புச் சுவர் ஓரத்துப் பூண்டுச் செடி, சிமெண்ட் வெடிப்பில் எறும்பு, இலையில் ஒரு புழு ஓட்டை. அதைக் கொஞ்ச நேரம் வரைந்தபின்தான் பள்ளத்தைப் பார்க்கத் தைரியம் வந்தது.

அன்றைக்குத்தான் அந்த நத்தையும் வண்டும் எனக்குப் பிடிபட்டன. அவை அலங்காரத்துக்காக வைத்தவை இல்லை. விளிம்பில் உட்கார்ந்த மனுஷனின் கண்ணுக்கு அவை பிடிமானம். முதலில் அவற்றைப் பிடித்துக்கொள்கிறோம், அப்புறம் எட்டிப் பார்க்கிறோம். அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மீதிப் படத்தைப் பாருங்கள். வெறும் வானூர்திக் காட்சி ஆகிவிடும். விரலை எடுங்கள், நீங்கள் பாதையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஜனவரி 25

திருச்சி நண்பருக்கு: "மலைக்கோட்டையை விட்டுவிட்டு டெல்டாவில் உயரமே இல்லை என்கிறீர்களே" என்று கோபம். விடவில்லை ஐயா. 83 மீட்டர் பாறை, வயிற்றில் பல்லவன் குகை, தோளில் தாயுமானவர், தலையில் உச்சிப் பிள்ளையார். மேலே நின்றால் காவிரியும் கொள்ளிடமும் நடுவில் ஸ்ரீரங்கமும் தெரிகிற மாதிரி வேறு எங்கே தெரியும்? ஆனால் அங்கே தெய்வம் மேலே, ஊர் கீழே. கடைவீதி, தெப்பக்குளம், சந்தடி எல்லாம் பாறையின் அடியைச் சுற்றி. காஸ்ட்ரோவால்வாவில் அடுப்பு, தொழுவம், பள்ளிக்கூடம் உட்பட ஊரே மேலே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், சஜித்தாரியோ ஆற்றின் மலையிடுக்குக்கு மேலே. மலைக்கோட்டையில் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். அங்கே இறங்கி வேலை செய்துவிட்டு வீட்டுக்கு ஏறுவார்கள்.

ஜனவரி 30

மேலே எழுதியதைப் படித்தபின் மனசு வேறு பக்கம் போகிறது. இது அறுவடைக் காலம், தினமும் வயல் ஓரமாகத்தான் கடைக்குப் போகிறேன். அதனாலோ என்னவோ, இந்த வாரம் படத்தைத் திறந்தால் கண் நேரே பள்ளத்தாக்கில் இருக்கும் வயல்களுக்குப் போகிறது. 24-ம் தேதி "எஷர் வரைந்தது உயரத்தை" என்று எழுதினேன். அது சரிதான், ஆனால் அந்த உயரத்தை அளந்து காட்டுவது வயல்கள். பள்ளத்தாக்கில் வெறும் காடோ மூடுபனியோ இருந்திருந்தால் ஆழம் எவ்வளவு என்று தெரிந்திருக்காது. ஒரு வரப்பு, ஒரு பாத்தி எவ்வளவு அகலம் இருக்கும் என்று விவசாயம் தெரிந்த எவருக்கும் உடம்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அது இத்தனை சின்னதாகத் தெரிகிறதே என்ற இடத்தில்தான் நெஞ்சு திக்கென்கிறது.

அங்கே ஏன் ஊர் மேலே, நிலம் கீழே? பகைக்குப் பயந்து, சமவெளிச் சதுப்பில் மலேரியாவுக்குப் பயந்து, இருக்கிற கொஞ்சம் நல்ல மண்ணை வீடு கட்டி வீணாக்க மனசில்லாமல். நம் ஊர் நத்தத்தைப் பாருங்கள். வெள்ளம் ஏறாத மேட்டுத் திட்டில்தான் வீடுகள், நஞ்சையில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். நமக்கு மேடு நாலு அடி, அவர்களுக்கு ஒரு மலை. காரணத்தில் பாதி ஒன்றேதான்.

பிப்ரவரி 2

மன்னார்குடி சார் மறுபடி வந்து, "சரி, காஸ்ட்ரோவால்வா நல்ல படம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1937-க்குப் பிறகு அவர் அதையெல்லாம் விட்டுவிட்டாரே, அவருக்கே அது போதவில்லை என்றுதானே அர்த்தம்?" என்கிறார்.

சார், அவர் விட்டதற்குக் காரணம் போதாமை இல்லை. 1923-லிருந்து ரோம்தான் அவர் வீடு, கல்யாணம் இத்தாலியில், மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே பிறந்தார்கள். வருஷா வருஷம் நடந்தும் கழுதைமேலும் மலைநாடு சுற்றினார். அப்புறம் முசோலினி ஆட்சி இறுகியது. ஒன்பது வயசு மகனுக்குப் பள்ளியில் பாசிஸ்ட் சிறுவர் படையின் சீருடை போட வேண்டும் என்று வந்தபோது 1935-ல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே பனிமலை இருந்தது, ஆனால் அவர் மனசு ஒட்டவில்லை. பிறகு பெல்ஜியம், 1941-ல் சொந்த நாட்டில் பார்ன் என்ற ஊர். அவருக்கு மரச்செதுக்கு கற்றுக்கொடுத்த ஆசிரியர் தெ மெஸ்கிதாவை 1944-ல் நாஜிகள் பிடித்துப் போய் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அந்தப் பத்து வருஷத்தை வைத்துக்கொண்டு "மலைப்படம் போதவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்து வரைய மலை கையில் இல்லை, அதனால் தலைக்குள் இருந்ததை வரைந்தார்.

விட்டும் விடவில்லை. 1931-ல் அமால்ஃபி கடற்கரையில் அத்ரானி ஊரைக் கல்லச்சில் போட்டார். அதே அத்ரானி 1937-ல் ‘உருமாற்றம்’ படத்தில் கட்டங்களாக மாறுகிறது, 1940-ல் முடித்த இரண்டாவது ‘உருமாற்ற’த்தில் அந்த ஊரே சதுரங்கப் பலகையாகிறது. 1958-ல் செய்த ‘பெல்வெடேரே’ உங்களுக்குப் பிடித்த புதிர்ப் படம்தானே? உள்ளே நிற்கும் ஏணி வெளியே சாய்ந்திருக்குமே, அதுதான். அதன் பின்னால் தெரியும் மலைத்தொடர் எது தெரியுமா? மொரோனே. அப்ரூட்ஸோ மலை. காஸ்ட்ரோவால்வா இருக்கும் அதே நாடு. 28 வருஷம் கழித்து அந்த மலையைக் கொண்டுவந்து தன் புதிருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். 1961-ன் ‘நீர்வீழ்ச்சி’யில் பின்னணி முழுக்கப் படிக்கட்டு வயல்கள், முன்னால் தண்ணீர் தானாகவே மேடேறிப் போய் மறுபடி விழுந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. கடைமடைக்காரர்கள் எல்லோரும் அந்தப் படத்தை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்!

பிப்ரவரி 3

ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தப் பாதையோரம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்ததாகவும், மேலே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடியது கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் எஷர் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். போஸ்ட்கார்டுக்கு யாரும் ஒரு நாள் உட்கார மாட்டார்கள். மன்னார்குடி சார், என் கட்சிக்கு இது கடைசிச் சாட்சி.

பிப்ரவரி 8

"உங்களிடம் மெஷின் இருக்கிறதே, ஆளுக்கு ஒரு காஸ்ட்ரோவால்வா போட்டுக் கொடுங்கள், காசு தருகிறோம்" என்று நாலு பேர் தனிச்செய்தி அனுப்பிவிட்டீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் செய்ய மாட்டேன். இரண்டு காரணம். ஒன்று, உரிமை. நம் சட்டத்தில் ஓவியர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை உண்டு. எஷர் 1972-ல் காலமானார், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் உழைப்பை உரிமை இல்லாமல் ஓட்டுவதில்லை என்று கடை ஆரம்பித்த நாளிலிருந்து வைத்திருக்கிற வழக்கம்.

இரண்டு, இந்தப் படம் என் மெஷினில் கெட்டுப்போகும். நான் ஒரே கறுப்பு மையில் சாம்பல் காட்ட வேண்டும் என்றால் ஸ்கிரீன் புள்ளியாக உடைக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளி நிற்கும். கல்லின் சொரசொரப்பில் அப்படி வரிசை கிடையாது, ஒவ்வொரு பொட்டும் தன்னிஷ்டத்துக்கு விழுந்திருக்கும். தூரத்துப் பள்ளத்தாக்கு அதனால்தான் மூச்சு விடுகிறது. போனில் பார்ப்பதும் முழுசு ஆகாது, ஆனால் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதையே செய்யுங்கள். நெதர்லாந்துப் பக்கம் யார் பிள்ளையாவது வேலையில் இருந்தால் ஹேக் நகரத்தில் லாங்கே ஃபோர்ஹவுட் அரண்மனையில் எஷருக்கென்றே 2002-லிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது, போய் வரச் சொல்லுங்கள். உள்ளே போனதும் படிக்கட்டுப் படங்களுக்கு ஓடாமல் இத்தாலி மலைப்படங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

திருவாரூர் தம்பி, கல்லச்சு கற்றுக்கொள்ள ஆசை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் தனியாக எழுதுகிறேன். கல் கிடைப்பது கஷ்டம், ஆனால் அலுமினியப் பிளேட்டில் முகத்தைச் சொரசொரப்பாக்கி அதே கிரேயான், அதே கோந்து வைத்துப் பழகலாம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மாதான் இருக்கும், கடைக்கு வாருங்கள். பழைய பிளேட் நிறையக் கிடக்கிறது.